உயிரோடு இருந்திருந்தால்…

1857 ஜூன் 26, வெள்ளிக்கிழமை. லண்டன் ஹைட் பார்க்கில் காலையிலிருந்தே கூட்டம் நெருக்கியடித்தது. கிரிமியப் போரில் துணிச்சல் காட்டிய 62 பேர் வரிசையாக நின்றார்கள். மகாராணி விக்டோரியா குதிரையை விட்டு இறங்கவில்லை. சேணத்தில் அமர்ந்தபடியே குனிந்து ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு வெண்கலச் சிலுவையைக் குத்திவிட்டார். முதல் ஆளாக நின்ற கடற்படை அதிகாரி ஹென்றி ராபியின் சட்டையோடு சதையையும் ஊசி துளைத்துவிட்டது, அவரோ முகம் சுளிக்காமல் நின்றார் என்று ஒரு கதை உண்டு. 62 பேரும் உயிரோடு வந்து வாங்கிக்கொண்டார்கள். அது தற்செயலாக அமைந்ததல்ல.

அந்தச் சிலுவைதான் விக்டோரியா கிராஸ். 1856 ஜனவரி 29 தேதியிட்ட அரச ஆணையில் அது பிறந்திருந்தது. அதுவரை பிரிட்டனின் பெரிய விருதுகள் உயர் அதிகாரிகளின் மார்போடு நின்றுவிடும். சேற்றில் கிடந்து சண்டை போட்ட கடைநிலைச் சிப்பாய்க்கு அவற்றில் இடமில்லை. புதிய பதக்கம் அந்தச் சுவரை உடைத்தது. பதவி, பரம்பரை, சேவைக்காலம் எதையும் அது பார்க்கவில்லை. தங்கமும் வைரமும் அதில் இல்லை, வெறும் வெண்கலம். அதிகாரி அல்லாதவர் வாங்கினால் ஆண்டுக்குப் பத்து பவுண்டு ஓய்வூதியமும் உண்டு. எல்லாவற்றுக்கும் விதி எழுதிய அந்த ஆணை ஒரே ஒரு விஷயத்தில் வாய் திறக்கவில்லை. வீரச் செயலைச் செய்யும்போதே உயிர் போய்விட்டால் என்ன செய்வது?

அந்த மௌனத்துக்குப் போர்த்துறை அதிகாரிகள் தாங்களாகவே ஒரு பொருள் எழுதிக்கொண்டார்கள். விக்டோரியா கிராஸ் வாங்குவது ஒரு கௌரவ அணியில் சேர்வது போன்றது, இறந்துபோன மனிதன் எப்படி ஓர் அணியில் சேர முடியும் என்பது அவர்கள் வாதம். பதக்கம் நினைவுச் சின்னம் ஆகிவிடக் கூடாது என்றும் சொன்னார்கள். கோப்புகளுக்கு இது வசதியாகத்தான் இருந்தது. போர்க்களத்துக்கு வசதிப்படவில்லை என்பது மறு வருடமே தெரிந்துவிட்டது.

1858 ஏப்ரல். இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் ஓயாத அவத் பகுதியில் ரூயா என்ற மண்கோட்டை. கோட்டைக்காரர்களின் துப்பாக்கிகளுக்கு நேர் கீழே ஓர் இளம் அதிகாரியின் உடல் கிடந்தது. அதை எடுத்து வர ஒரு சிலர் முன்வந்தார்கள். எட்வர்ட் ஸ்பென்ஸ் என்ற சிப்பாய் தன்னை வெட்டவெளியில் நிறுத்திக்கொண்டு, உடலைத் தூக்கிச் செல்பவர்களுக்குக் காவலாக நின்றார். உடலைத் தூக்கிவரச் சென்ற அலெக்சாண்டர் தாம்சனுக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. காவல் நின்ற ஸ்பென்ஸ் குண்டடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். அவருக்கு லண்டன் கெசட் என்ற அரசிதழில் ஒரு குறிப்பு வந்தது. உயிரோடு இருந்திருந்தால் இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருக்கும் என்பதே அதன் சாரம். பதக்கமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. டெல்லி முற்றுகையில் மடிந்த லிஸ்ல் பிலிப்ஸ் என்ற இளைஞருக்கும் அதே மாதிரி ஒரு குறிப்பு. அதோடு அவர்கள் கதை முடிந்துவிட்டதாக அதிகாரிகள் நினைத்தார்கள்.

இருபது வருடம் கழித்து அந்த வரி மறுபடி அச்சேறியது, இந்த முறை நாடே வாசித்தது. 1879 ஜனவரி 22, தென்னாப்பிரிக்காவின் இசாண்ட்ல்வானா. ஜூலு படை பிரிட்டிஷ் முகாமை அடியோடு அழித்துக்கொண்டிருந்தது. டெய்ன்மவுத் மெல்வில் என்ற லெப்டினன்ட் தன் படைப்பிரிவின் கொடியோடு குதிரையில் தப்பி, வெள்ளம் புரண்டோடிய பஃபலோ ஆற்றில் இறங்கினார். ஆறு அவரை இழுத்தது. முழங்கால் காயத்தோடு இருந்த நெவில் காக்ஹில் என்ற இன்னொரு லெப்டினன்ட் அதற்குள் பத்திரமாக அக்கரை சேர்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தவர், குதிரையை மறுபடி ஆற்றுக்குள் விட்டார். இருவரும் கரையேறினார்கள், ஆனால் அதற்கு மேல் போக முடியவில்லை. சில நாட்களில் கொடி ஆற்றிலிருந்து கிடைத்தது. கொடியை மீட்டதற்காகக் கொண்டாட்டம் நடந்தது. அதற்காக உயிர்விட்ட இருவருக்கும் கிடைத்தது அதே குறிப்புதான். மெல்வில்லின் மனைவி சாரா அந்தக் கெசட் துண்டோடு அடங்கிவிடவில்லை என்பது இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

நடுவில் இன்னும் இரண்டு பேர். 1896-இல் புலவாயோ அருகே, காலனித் தொண்டர்படையின் ஃபிராங்க் பாக்ஸ்டர், எதிரிகள் நெருங்கிக்கொண்டிருக்கும்போது தன் குதிரையைக் காயம்பட்ட தோழனுக்குக் கொடுத்துவிட்டு ஓடத் தொடங்கினார். ஓட்டம் வெகுதூரம் போகவில்லை. 1897-இல் ஸ்வாத் பள்ளத்தாக்கில், கீழே விழுந்த ஓர் அதிகாரியைக் காப்பாற்ற ஆடம்ஸ், ஃபின்காஸ்ல், மக்லீன் என மூவர் ஒரே நேரத்தில் துப்பாக்கிச் சூட்டுக்குள் குதிரையை விட்டார்கள். ஒரே களம், ஒரே நிமிடம், ஒரே துணிச்சல். பிழைத்த இருவருக்கும் விக்டோரியா கிராஸ். செத்துப்போன மக்லீனுக்குக் குறிப்பு. விதியின் அநியாயம் இதைவிடப் பச்சையாகத் தெரிய வழியில்லை. ஆனாலும் விதி அசையவில்லை. அதை அசைக்க ஒரு பிரபுவின் மகன் வேண்டியிருந்தது.

1899 அக்டோபர் 11 அன்று தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டது. டிரான்ஸ்வாலின் தங்கத்தின் மீது பிரிட்டனுக்கு இருந்த கண், டச்சு வம்சாவளிக் குடியேறிகளான போயர்களின் குடியரசுகள் காட்டிய பிடிவாதம் இரண்டும் மோதின. குதிரையேறிய விவசாயிகளின் படையை மாதக்கணக்கில் முடித்துவிடலாம் என்றுதான் லண்டன் நினைத்தது. டிசம்பர் நடுவில் ஒரே வாரத்தில் மூன்று தோல்விகள். மூன்றாவது டிசம்பர் 15-ஆம் தேதி, துகேலா ஆற்றங்கரையில் கொலென்ஸோவில். முன்னே வெகுதூரம் போய்விட்ட பிரிட்டிஷ் பீரங்கிகள், ஆட்கள் வீழ்ந்து அநாதையாகத் திறந்தவெளியில் நின்றன. அவற்றை இழுத்து வர முன்வந்தவர்களில் ஒருவர் லெப்டினன்ட் ஃப்ரெடி ராபர்ட்ஸ். முன்பு மதராஸ் ராணுவத்தின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவின் ஒரே மகன். அந்தத் தந்தையே 1858-இல் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். மகன் குதிரையோடு சாய்ந்தார்.

கொலென்ஸோ களத்தில் அன்று இன்னொரு கூட்டமும் இருந்தது. நடாலில் வக்கீலாக இருந்த காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை, சுமார் 1,100 பேர். அவர்களில் 300 பேர் போக மீதி எல்லோரும் கரும்புத் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த ஒப்பந்தக் கூலிகள். நடாலின் கூலிகளில் பெரும்பங்கு மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் தெலுங்கருமே. டோலியைத் தோளில் சுமந்து அவர்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். ராபர்ட்ஸ் பிரபுவின் மகனைக் களத்திலிருந்து சுமந்து வந்த கௌரவம் தங்கள் படைக்குக் கிடைத்ததாகக் காந்தி பிற்பாடு எழுதினார். ஃப்ரெடி டிசம்பர் 17 அன்று இறந்தார். ஆனால் கொலென்ஸோவில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி புல்லர் பரிந்துரைக் கடிதத்தை எழுதியது டிசம்பர் 16 அன்று.

அந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் மாற்றியது. பரிந்துரை எழுதிய நேரத்தில் ஆள் உயிரோடு இருந்தார், ஆகவே விதி மீறப்படவில்லை என்று போர்த்துறை கணக்குச் சொன்னது. 1900 பிப்ரவரி 2 அன்று கெசட்டில் ஃப்ரெடியின் பெயர் வந்தது. மகாராணியே ஒரு சிறு பொட்டலத்தைத் தன் கையால் கட்டி, தாயிடம் கொடுத்து, வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கச் சொன்னாராம். ஃப்ரெடி அதற்குத் தகுதியானவர் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் காயம்பட்டு இரண்டு நாள் கிடந்து இறந்தவருக்கு உண்டு, சுடப்பட்ட இடத்திலேயே இறந்தவருக்கு இல்லை என்றால் அது என்ன நீதி? கேள்வி முணுமுணுப்பாகக் கிளம்பியது. அந்தக் கேள்விக்கு உருவம் கொடுக்கப் போகிறவர், ஃப்ரெடியின் பெயர் கெசட்டில் வருவதற்கு நான்கு வாரம் முன்பே ஒரு குன்றின் மேல் விழுந்துகிடந்தார்.

அவர் பெயர் ஹெர்மன் ஆல்பிரெக்ட். 1876-இல் கேப் காலனியின் அலிவால் நார்த் பகுதியில் பிறந்தவர். பிரபுவின் மகனும் அல்ல, அதிகாரியும் அல்ல. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வெளியேறிய அன்னியர்களையும் காலனி இளைஞர்களையும் சேர்த்து அவசரமாகத் திரட்டிய இம்பீரியல் லைட் ஹார்ஸ் என்ற குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாய். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று எங்கிருந்தெல்லாமோ காலனி இளைஞர்கள் இந்தப் போருக்குக் கப்பலேறினார்கள். ஆல்பிரெக்ட்டுக்கோ போர் சொந்த மண்ணிலேயே நடந்தது. நவம்பரில் அலிவால் நார்த் நகரை போயர் படை கைப்பற்றிக்கொண்டது. அந்தச் சேதி வந்தபோது ஊர் திரும்ப அவருக்கு வழியில்லை. அவருடைய படையே ஒரு பொறிக்குள் அகப்பட்டிருந்தது.

பொறியின் பெயர் லேடிஸ்மித். நடால் காலனியின் இந்தச் சிறு ரயில் நகரை 1899 நவம்பர் 2 முதல் போயர்கள் வளைத்துக்கொண்டார்கள். சுற்றிலும் இருந்த மலைகளிலிருந்து பீரங்கிகள் நகருக்குள் குண்டு வீசின. டைபாய்டு பரவியது. உணவு சுருங்கியது, பின்னாளில் குதிரைகளையே கொன்று சாறு காய்ச்சினார்கள். உம்புல்வானா மலையில் இருந்த பெரிய பீரங்கி சுடும்போதெல்லாம், பர்பு சிங் என்ற இந்தியக் கூலி அந்தத் தீப்பொறியைப் பார்த்த கணமே மணி அடிப்பார். குண்டு வந்து விழுவதற்குள் மக்கள் ஒளிந்துகொள்வார்கள். மற்றவர்கள் ஒளியும் நேரத்தில் அவர் மட்டும் வெளியில் நின்றாக வேண்டும். வைஸ்ராய் கர்சன் அவருக்கு ஒரு காஷ்மீர் அங்கி அனுப்பிவைத்தார், டர்பன் நகர மண்டபத்தில் பாராட்டு நடந்தது. விக்டோரியா கிராஸுக்கு இந்தியர் யாரும் தகுதியுள்ளவராக அன்று கருதப்படவில்லை. அந்த மணியும் பயன்படாத ஒரு தாக்குதல் 1900 ஜனவரி 6 அதிகாலை இருட்டில் வந்தது.

நகருக்குத் தெற்கே ஒரு நீண்ட மேடு. அதன் மேற்கு முனைக்கு வேகன் ஹில் என்று பெயர். அது போனால் லேடிஸ்மித் போனது. அன்றிரவு அங்கே ஒரு கடற்படைப் பீரங்கியை நிறுத்தப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது ராபர்ட் டிக்பி-ஜோன்ஸ் என்ற பொறியியல் படை லெப்டினன்டின் குழு. அவருக்கு வயது 23. பக்கத்தில் காவலுக்கு இம்பீரியல் லைட் ஹார்ஸின் சிறு கூட்டம். மண்வெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தபோதே போயர்கள் சத்தமில்லாமல் சரிவில் ஏறி வந்துவிட்டார்கள். யார் பக்கத்தில் யார் என்று தெரியாத இருட்டில் சண்டை தொடங்கியது. விடிந்தபோது இரு தரப்பும் அதே குன்றின் மேல், ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும் தூரத்தில் பாறைகளுக்குப் பின்னால் கிடந்தார்கள்.

ஜனவரி அங்கே கோடைக்காலம். வெயில் ஏற ஏறப் பாறைகள் கொதித்தன. காயம்பட்டவர்கள் தண்ணீர் கேட்டு முனகினார்கள். தலை தூக்கியவன் செத்தான். நண்பகலில் சுடுவது ஓய்ந்தது. இரு பக்கமும் களைத்துவிட்டது போலிருந்தது. பிற்பகல் ஒரு மணி வாக்கில், எதிர்பாராத நொடியில், ஒரு சில போயர்கள் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தார்கள். குன்றின் உச்சியில் இருந்தவர்கள் நிலைகுலைந்து பின்பக்கச் சரிவில் இறங்கி ஓடத் தொடங்கினார்கள். உச்சி காலியானது.

ஓடுகிறவர்களுக்கு எதிர்த் திசையில் மேலே ஏறியவர்களில் முன்னால் நின்றது இருவர், டிக்பி-ஜோன்ஸும் ஆல்பிரெக்ட்டும். ஒருவர் எடின்பரோவில் பிறந்த அதிகாரி, மற்றவர் காலனிச் சிப்பாய். வேறு வேறு படைப்பிரிவு. அந்த நேரத்தில் பதவிக்கெல்லாம் பொருளே இல்லை. முன்னணியில் வந்த மூன்று போயர்களும் உச்சியைத் தொட்ட அதே கணத்தில் இவர்களும் தொட்டார்கள். சில அடி தூரம். தலைமை தாங்கி வந்தவரை டிக்பி-ஜோன்ஸ் சுட்டார், மற்ற இருவரையும் ஆல்பிரெக்ட் சுட்டார். பின்னால் வந்தவர்கள் உச்சியை மறுபடி பிடித்துக்கொண்டார்கள். சிறிது நேரத்தில் டிக்பி-ஜோன்ஸ் இறந்தார். ஆல்பிரெக்ட்டும் அந்தக் குன்றிலேயே இறந்தார். மாலையில் ஆலங்கட்டி மழை கொட்டியது, டெவன்ஷையர் படை துப்பாக்கி முனையில் கத்தி செருகிப் பாய்ந்து போயர்களை விரட்டியது. லேடிஸ்மித் பிழைத்தது. எதிரே விழுந்த மூன்று போயர்களின் வீட்டுக்கும் எந்தப் பதக்கமும் போகவில்லை. போர்ப் பதக்கம் என்ற வழக்கமே போயர் குடியரசுகளில் அன்று இல்லை.

கணக்குப் பார்க்கும் நேரம் வந்தது. அதே நாள், அதே குன்று. மாலைப் பாய்ச்சலில் தொடைகளில் குண்டு வாங்கியும் சேதி கொண்டு சென்ற லெப்டினன்ட் மாஸ்டர்சன் பிழைத்துக்கொண்டார், விக்டோரியா கிராஸ் பெற்றார். ஆல்பிரெக்ட்டுக்கும் டிக்பி-ஜோன்ஸுக்கும் மிஞ்சியது நாற்பது வருடப் பழைய அதே வரி. உயிரோடு இருந்திருந்தால் பரிந்துரைத்திருப்போம். அந்த வரி இந்த முறை ஒரு வித்தியாசமான மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

1901 ஜனவரியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றவர் ராபர்ட்ஸ் பிரபு. ஒரே மகனின் சிலுவை அவர் வீட்டிலேயே இருந்தது. ஒரு நாள் இடைவெளியில் அது எப்படிக் கிடைத்தது என்பதும் அவருக்குத் தெரியும். அதே மாதம் மகாராணி விக்டோரியா காலமானார். மகன் ஏழாம் எட்வர்ட் அரசரானார். போரோ முடிகிற வழியாக இல்லை. வேகன் ஹில் போலவே வேறு களங்களிலிருந்தும் பெயர்கள் வந்துகொண்டிருந்தன. பார்டபெர்க்கில் காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர ஏழு முறை வெளியே போய், ஏழாவது முறை தலையில் குண்டு வாங்கிய சார்ஜன்ட் ஆட்கின்சன். எதிரிகள் சூழ்ந்து நின்றபோது, தன் இயந்திரத் துப்பாக்கி அவர்களுக்குப் பயன்படக் கூடாதென்று அதன் பாகத்தை உடைத்துவிட்டுச் செத்த ஐரிஷ் சிப்பாய் ஜான் பேரி. இவர்களையெல்லாம் பட்டியலிலிருந்து விலக்கி வைக்கும் விதியைத் தாங்கிப் பிடிப்பது நாளுக்கு நாள் கடினமானது.

1902 மே 31 அன்று போர் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 22,000 பேர் மாண்டிருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நோயால். தடுப்பு முகாம்களில் 26,000-க்கும் மேற்பட்ட போயர் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள், தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். அந்தச் சாவுகளை எந்தப் பதக்கமும் ஈடு செய்யாது. எட்வர்டின் முடிசூட்டு விழா ஜூனில் நடக்க வேண்டியது, குடல்வால் நோயால் ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. அதற்கு முந்தைய நாள், ஆகஸ்ட் 8 அன்று, லண்டன் கெசட்டில் ஒரு சிறு அறிவிப்பு.

ஆறு பெயர்கள். யங்கர், டிக்பி-ஜோன்ஸ், கூல்சன் ஆகிய மூன்று அதிகாரிகள். சார்ஜன்ட் ஆட்கின்சன். சிப்பாய் பேரி. குதிரைப்படைச் சிப்பாய் ஆல்பிரெக்ட். களத்தில் வீழ்ந்த இவர்களுக்குரிய விக்டோரியா கிராஸை இவர்களுடைய குடும்பத்தாரிடம் ஒப்படைக்க மன்னர் ஒப்புதல் அளித்திருப்பதாக அறிவிப்பு சொன்னது. முடிசூட்டு விழாப் பரபரப்பில் அதைக் கவனித்தவர்கள் குறைவு. 46 வருடம் பூட்டியிருந்த கதவு திறந்துவிட்டது. ஆனால் போயர் போரில் இறந்தவர்களுக்கு மட்டுமே. பழைய போர்களில் இறந்தவர்கள்?

அங்கேதான் சாரா மெல்வில் மறுபடி வருகிறார். புதிய சலுகையைப் பின்னோக்கி நீட்ட முடியாது என்று முதலில் கைவிரித்தார்கள். இழுத்தால் எவ்வளவு தூரம் இழுப்பது என்ற பயம். சாரா மன்னருக்கே மனுப் போட்டார். ஆற்றில் கணவர் போன நாளிலிருந்து அவர் சுமந்துவந்த கேள்வி அது. மன்னர் இறங்கி வந்தார். 1907 ஜனவரி 15 அன்று இன்னும் ஆறு பெயர்கள் வெளியாயின. மெல்வில், காக்ஹில், பாக்ஸ்டர், மக்லீன். அவர்களோடு 1857-58 களங்களில் மடிந்த ஸ்பென்ஸும் பிலிப்ஸும். ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குடும்பங்களுக்குச் சிலுவை வந்து சேர்ந்தது. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் முக்கியமான போராளி சாராதான். அவர் ஒரு துப்பாக்கியும் தூக்கவில்லை.

பிறகு வந்தது முதல் உலகப் போர். செத்தவனுக்கு உண்டா என்று யாரும் இப்போது கேட்கவில்லை. ஜட்லாண்ட் கடற்போரில் உயிர்விட்ட 16 வயதுச் சிறுவன் ஜாக் கார்ன்வெல்லின் பதக்கத்தை அவன் தாய் அரண்மனைக்குப் போய் மன்னர் கையால் வாங்கிக்கொண்டார். விக்டோரியா கிராஸ் இந்தியருக்கும் உண்டு என்று 1911-இல் விதி மாறியிருந்தது. 1915 மார்ச் 10 அன்று பிரான்ஸின் நெவ் ஷப்பெல் பதுங்குகுழிகளில் 19 வயது கப்பர் சிங் நேகி எதிரிகளை விரட்டிக்கொண்டே போய் விழுந்தார். கர்வால் மலைக் கிராமத்தில் இருந்த அவருடைய சின்னஞ்சிறு மனைவிக்குச் சிலுவை வந்தது. அதை வாழ்நாள் முழுக்க அவர் அணிந்திருந்தார், அவரைக் கண்டால் ராணுவ வீரர்கள் சல்யூட் அடிப்பார்கள் என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். சம்பா ஊரில் நேகியின் பெயரில் இன்றும் ஆண்டுதோறும் திருவிழா நடக்கிறது. ஆல்பிரெக்ட்டுக்காகத் திறந்த கதவு வழியாக ஓர் இந்தியக் குடும்பம் உள்ளே வந்துவிட்டது. 1920-இல் அரச ஆணையையே திருத்தி, இறந்தவருக்கும் வழங்கலாம் என்று எழுத்தில் சேர்த்தார்கள்.

இந்தியா விடுதலை பெற்று மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1947 நவம்பர் 3, காஷ்மீரின் பட்காம். இடது கையில் மாவுக்கட்டோடு களத்துக்கு வந்திருந்தார் மேஜர் சோம்நாத் சர்மா. எதிரிகள் பல மடங்கு அதிகம். ஸ்ரீநகர் விமானத்தளத்துக்கு அவர்கள் போய்விடாமல் தடுத்தாக வேண்டும். ஒரு கையாலேயே தோட்டாக்களை நிரப்பி வீரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அருகே குண்டு விழுந்து வெடித்தது. அவர் போன பிறகுதான், சுதந்திர இந்தியாவின் தலையாய வீரப் பதக்கம் எப்படி இருக்க வேண்டும் என்ற வேலையே முழுமூச்சாக நடந்தது. விக்டோரியா கிராஸை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வடிவமைக்கும் பொறுப்பு ஒரு பெண்ணிடம் போனது.

சாவித்ரி கானோல்கர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியை மணந்து, இந்துப் புராணங்களில் ஊறிப்போனவர். நான்கு புறமும் இந்திரனின் வஜ்ராயுதம், நடுவில் அரசுச் சின்னம், ஊதா நாடா என்று பரம்வீர் சக்கரத்தை வரைந்தார். உலோகம் மட்டும் பழையபடியே வெண்கலம். 1950 ஜனவரி 26 அன்று பதக்கம் நடைமுறைக்கு வந்தது, 1947 ஆகஸ்ட் 15 முதலே செல்லும் என்ற ஏற்பாட்டோடு. இறந்தவருக்கும் வழங்கலாம் என்பது முதல் நாளிலிருந்தே அதன் விதி. 46 வருடம் எந்தக் குடும்பமும் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் பரம்வீர் சக்கரம் யாருக்கென்று முடிவானபோது சாவித்ரியின் வீட்டில் பேச்சு நின்றிருக்கும். அது அவர் மகளின் கணவருடைய அண்ணன் சோம்நாத் சர்மாவுக்கு.

இதுவரை பரம்வீர் சக்கரம் பெற்றவர்கள் 21 பேர். அவர்களில் 14 பேர் அதை வாங்க உயிரோடு இல்லை. 1987 நவம்பரில் இலங்கையில் மார்பில் குண்டு பாய்ந்து இறந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்த 14 பேரில் ஒருவர். பழைய கெசட் விதி நீடித்திருந்தால் பட்டியலே ஏழு பேரோடு முடிந்திருக்கும்.

2015 ஜனவரி 26, டெல்லி ராஜபாதை. அமெரிக்க அதிபர் ஒபாமா சிறப்பு விருந்தினர். அணிவகுப்பு தொடங்குவதற்கு முன், முந்தைய ஏப்ரலில் காஷ்மீரின் ஷோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனின் பெயர் ஒலித்தது. அவருடைய மனைவி இந்து நடந்து வந்து குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியிடமிருந்து அசோகச் சக்கரத்தை வாங்கினார். பின்னாளில் 'அமரன்' படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் அந்தக் கதையைச் சொன்னபோது, இறந்த வீரருக்கு ஏன் பதக்கம் தர வேண்டும் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. குடியரசு நாள் காலையில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் சொல்லும் 'மறைவுக்குப் பின்' என்ற சொற்களுக்குப் பின்னால் வேகன் ஹில்லும் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி 2020-இல் கல்வானில் உயிர்விட்டார். அடுத்த வருடம் அவருக்கான வீர் சக்கரத்தை அவர் மனைவி டெல்லி சென்று வாங்கிக்கொண்டார்.